தாழ்ப்பாளில் ஒரு கை

அந்த வீட்டில் காலையில் யாரும் சும்மா கிளம்பிப் போய்விட முடியாது. ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டு, கணவனும் மனைவியுமாக வாசல் கதவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். மனைவி தாழ்ப்பாளின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, நேற்று நடந்த நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கடவுளுக்கு நன்றி சொல்லுவாள். அதற்கப்புறம்தான் தாழ்ப்பாள் நகரும்.

கல்யாணமான புதிதில் கணவன் கேட்டுப் பார்த்தான். "இதை உள்ள உக்காந்து நிம்மதியா சொல்லக் கூடாதா?"

"அவர் என்ன வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கிறவரா? நம்ம கூட வேலைக்கு வர்றவரு. கிளம்பும்போது சொன்னாத்தான் மரியாதை" என்றாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. வாசலில் நின்று எதையும் கேட்கக் கூடாது. கேட்பதற்கு வேறு நேரம், வேறு இடம். வாசலில் நன்றி மட்டும்.

கணவன் லிப்ட் மெக்கானிக். தான் கையால் இறுக்காத எந்த போல்ட்டையும் நம்பாதவன். கேஸை மூடிவிட்டு நாலடி போய், திரும்பி வந்து இன்னொரு தடவை மூடுகிற ஜாதி. கடவுளோடு அவனுக்குச் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சுவார்த்தையும் இல்லை, அவ்வளவுதான். மனைவி நன்றி சொல்லும் நேரத்தில் அவன் குனிந்து ஷூ கயிறு கட்டுவான். முதல் ஷூ, இரண்டாவது ஷூ. இரண்டாவது முடிச்சு விழும்போது அவளும் முடித்துவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவன் அந்த நன்றிகளில் ஒன்றையாவது காது கொடுத்துக் கேட்டிருப்பானா என்றால், சத்தியமாக இல்லை. மழை பெய்கிற மாதிரி அது பாட்டுக்குப் பெய்யும், இவன் பாட்டுக்குக் கட்டுவான்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். கற்றுக்கொடுக்கிற காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் கால் போவதற்கு முன்னால் வாய் போய்விடும். "பிரேக், பிரேக், பிரேக்கு" என்று அவள் போடுகிற சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரனும் சேர்ந்து பிரேக் போடுவான். மாணவர்கள் அவளுக்குப் பயப்பட்டார்கள், பாஸானபின் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அப்படிக் கத்திக் கத்தியே தொண்டை கட்டியது. கட்டியது விடவே இல்லை. தொண்டை டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, குரல் நாண் மேல் சின்னதாக ஒரு வளர்ச்சி இருக்கிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை, எடுத்துவிடலாம் என்றார். எடுத்தும் விட்டார். "இனி நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறது அதைவிட மோசம், அதுவும் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அவள் உடை மாற்றப் போயிருந்தபோது, நடையில் வைத்து மெக்கானிக்கிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னார். "பெரும்பாலும் சரியாயிடும். சிலருக்கு மட்டும் பழைய குரல் திரும்புறதில்ல. வெறும் காத்துதான் வரும். ஆறட்டும், பார்ப்போம்."

அந்த 'சிலருக்கு' என்ற வார்த்தையை மெக்கானிக் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தானே சுமந்தான். வீட்டில், "ஒண்ணுமில்லையாம். கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இருக்கணுமாம். எனக்கு இது ஓய்வு காலம்" என்று சிரித்தான். அவளும் தலையணையைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள்.

மறுநாள் காலை. அவளுக்கு விடுமுறைதான், ஆனாலும் பழக்க தோஷத்தில் வாசல் வரை வந்தாள். அவன் குனிந்து முதல் ஷூவைக் கட்டினான். வீடு அமைதியாக இருந்தது. இரண்டாவதையும் கட்டி நிமிர்ந்தான். அவள் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். கதவு திறக்கவில்லை.

"நேரமாச்சும்மா."

அவள் அவன் மார்பைச் சுட்டிக் காட்டினாள். பிறகு மேலே காட்டினாள்.

"நானா? விளையாடாத. எனக்கு அதெல்லாம் வராது."

அவள் நகரவில்லை. மலை மாதிரி நின்றாள். மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான்.

"நேத்து நல்லா போச்சு. நன்றி."

அவள் தாழ்ப்பாளைத் தொட்ட கையை எடுக்கவே இல்லை. மற்றொரு கையை மேலும் கீழும் மெதுவாக ஆட்டினாள். சாலையில் பின்னால் வருகிற வண்டிக்கு டிரைவர்கள் காட்டுகிற சைகை அது. வேகத்தைக் குறை என்று அர்த்தம். பேச முடியாமல் போனதிலிருந்து அவள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்தக் கைச் சைகைகளைத்தான் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினால் நில். கையை நீட்டினால் நான் இந்தப் பக்கம் போகிறேன், நீ வழிவிடு. கையை முன்பக்கமாக வீசினால், நீ என்னைத் தாண்டிப் போய்க்கோ, ஓவர்டேக் செய்துகொள். சோறு போதுமா வேண்டுமா என்பதிலிருந்து டிவி சத்தம் வரைக்கும் இதிலேயே ஓடியது.

வேகத்தைக் குறைத்து மெக்கானிக் மறுபடி ஆரம்பித்தான். என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், சர்வீஸ் முடித்து மேஸ்திரியிடம் ஒப்பிக்கிற பாணி. அதையே எடுத்துவிட்டான்.

"நேத்து தண்ணி வந்துச்சு. கரண்டு போகல. நான் பார்க்குற லிப்ட் எதுவும் நடுவுல நிக்கல. கதவெல்லாம் சரியா மூடுச்சு. கயிறு தேயல. எதுவும் கெட்டுப் போகல. நன்றி."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தாலும் சத்தம் வரக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, தாழ்ப்பாளை நீக்கினாள். படியில் இறங்கும்போது மெக்கானிக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த வயதில் என்னை ஒப்பிக்க வைக்கிறாள் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஆனால் அந்த வேலைக்கு ஒரு குணம் இருந்தது. நாளைக்குக் காலையில் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தெரிந்துவிட்டால், இன்றைக்கு எதையாவது கவனித்துத்தான் ஆக வேண்டும். தினமும் தண்ணீர் வந்தது, கரண்டு இருந்தது என்றால் அவள் விடமாட்டாள். நில் என்று உள்ளங்கையைக் காட்டுவாள். வேறு வழியில்லாமல் மெக்கானிக் தன் வீட்டையே ஒரு சர்வீஸ் பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்தான்.

"நேத்து சாயங்காலம் நான் சாவியை எடுக்குறதுக்கு முன்னாடியே கதவு திறந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா, தினமும் அப்படித்தான் திறக்குது. என் கால் சத்தம் ஒருத்திக்குத் தெரியுது. நன்றி."

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. தாழ்ப்பாளை மெதுவாகத் திறந்தாள்.

இன்னொரு நாள் கிண்ணம். குளியலறை அலமாரியில் ஒரு கிண்ணம் நிறைய ஸ்க்ரூ, நட்டு, வாஷர் கிடக்கும். வீட்டில் எது கழன்றாலும் மெக்கானிக் அதில் கையைவிட்டு ஒன்றை எடுப்பான். வீடென்றால் ஸ்க்ரூ இருக்கும் என்பது அவன் நினைப்பு. எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதுதான் பார்த்தான். துணி துவைப்பதற்கு முன்னால் அவள் அவனுடைய பைகளைத் துழாவி, கிடைத்ததையெல்லாம் துடைத்து அந்தக் கிண்ணத்தில் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என் பாக்கெட்ல இருந்ததைத்தான் நான் இத்தனை வருஷமா வீட்டு சாமான்னு எடுத்துட்டு இருந்திருக்கேன். ஒரு ஸ்க்ரூ கூட மெஷினுக்குள்ள போகல. மெஷினும் கெடல. நன்றி."

வெளியூரில் படிக்கிற மகள் போனில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவால் பேச முடியாது என்பதால் போனைத் தட்டித்தான் பதில் சொல்லுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. "அம்மா, அப்பா நிஜமாவே வாசல்ல நின்னு சாமி கும்பிடுறாரா?" என்று கேட்டதற்குத் தட்டிய தட்டில் போன் உடைந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரி. ஆனால் டாக்டர் சொன்ன அந்த 'சிலருக்கு' சட்டைப் பையில் கனத்துக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் நன்றி சொல்லி முடிக்கும்போது, 'அவ குரலைத் திருப்பிக் கொடுத்துடு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நிற்கும். வாசலில் கேட்கக் கூடாது. சட்டம் சட்டம்தான். அதோடு கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் ஒரு குறையும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு, சீக்கிரம் ஸ்கூலுக்குப் போய்விடுவேன் என்று ஸ்டியரிங் பிடிப்பது போலக் காட்டிக்கொண்டு திரிந்தாள். அந்த முகத்தை எப்படிக் கெடுப்பது? ராத்திரியில் அவள் தூங்கியதும் மெக்கானிக் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பான். வெறும் காற்று என்றால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றும்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. லிப்ட் ஓடுகிற குழிக்கு அடியில் அவன், உச்சியில் மோட்டார் அறையில் அவனுடைய கூட்டாளி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனாலும் கூட்டாளிக்கு இவன் அண்ணன்தான். அடியில் இருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும் என்பது வேலை ஒழுங்கு. மெக்கானிக் அண்ணாந்து கத்தினான். பதில் இல்லை. மறுபடி கத்தினான். தண்ணீர் குடிக்கப் போயிருப்பான் போலிருக்கிறது. மேலே இருட்டு, அதற்கும் மேலே ஒரு சின்ன வெளிச்சம்.

அந்தக் குழி வாசல் இல்லையே, இங்கே கேட்டால் என்ன என்று அவனுக்குத் திடீரென்று தோன்றியது. எண்ணெய்க் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல" என்று அண்ணாந்து சொன்னான். "அவளும் வாசல்ல எதுவும் கேட்டதில்ல. அவளுக்குக் குரல் வரணும். பழைய குரலேதான் வேணும்னு இல்ல. என்னைத் திட்டுற அளவுக்கு வந்தாப் போதும். அவ்வளவுதான்."

பிறகு உச்சியில் இருந்து கூட்டாளியின் குரல் தயங்கித் தயங்கி இறங்கி வந்தது. "அண்ணே, நான் வந்துட்டேன்."

மெக்கானிக்குக் காது சூடேறியது. "எப்ப வந்த?"

"இப்பதான். ம்... கொஞ்சம் முன்னாடி. அண்ணிக்கு வந்துரும்ணே. நானும் கேட்டுக்கிறேன்."

சாப்பிடும்போது கூட்டாளி தன் டப்பாவில் இருந்த முட்டையை எடுத்து இவனுடைய டப்பாவில் வைத்தான்.

டாக்டர் மறுபடி பார்க்கிற நாள் வந்தது. மெக்கானிக் லீவு சொல்லியிருந்தான். ஆனால் சரியாகக் கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் நடுவில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கையை முன்பக்கமாக வீசினாள், நீ போய்க்கோ என்று. அவன் போனான். உள்ளே மாட்டியிருந்தவர்களை வெளியே எடுத்து, அவர்கள் திட்டியதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வீடு வந்து சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே திரும்பி வந்திருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காலண்டரில் அடுத்த வாரத்தைக் காட்டினாள். இன்னும் ஒரு வாரம் பேசக் கூடாதாம்.

"ஓ. ஒரு வாரம்தானே. ஓடிரும்" என்றான். சட்டையைக் கழற்றுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டான். தொண்டை ஆறவில்லை போலிருக்கிறது. அந்த 'சிலருக்கு' இவள்தான் போலிருக்கிறது. கூடப் போயிருக்க வேண்டும், போகவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை வாசலில் அவன் சொன்ன நன்றி கொஞ்சம் நீண்டுவிட்டது. லிப்டில் மாட்டினவர்களில் ஒரு வயதான அம்மா மட்டும் திட்டாமல், அவன் தலையைத் தொட்டு நல்லாயிருப்பா என்று சொன்னதற்கு நன்றி சொன்னான். ஓடுகிற வரைக்கும் லிப்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நானும் வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கிறேன், அது இப்போதாவது தெரிந்ததே, அதற்கும் நன்றி என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பரபரப்பில் மூக்குக் கண்ணாடியை மேஜை மேலேயே மறந்துவிட்டுப் போனான். எதையும் இரண்டாம் தடவை பார்க்கிறவன் அன்றைக்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கண்ணாடி இல்லாமல் ஒயர் நிறம்கூடத் தெரியாது. கூட்டாளியைத் தெருவில் வேனிலேயே உட்கார வைத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். அவள் தூங்கினால் எழுப்ப வேண்டாம் என்று ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாவி சத்தம் வராமல் கதவைத் திறந்தான்.

உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் கனமாக ஒரு குரல். பின்கட்டில் துணி மடித்துக்கொண்டே பேசுகிற குரல். மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்வானேன். ராத்திரி முழுக்க நான் செத்துப் பிழைத்தேனே, இவள் குரலை வைத்துக்கொண்டு நாடகம் ஆடியிருக்கிறாளே என்று உச்சந்தலை வரை ஏறியது. ஷூவை விட்டெறிந்துவிட்டு உள்ளே போக ஒரு அடி எடுத்து வைத்தான். அப்போதுதான் அவள் சொல்வது காதில் விழுந்தது.

"கோவிச்சுக்காதீங்க சாமி. பொய்தான், எனக்குத் தெரியும். டாக்டர் பேசலாம்னுட்டாரு, மெதுவா பேசச் சொன்னாரு. உங்ககிட்டதான் மெதுவா பேசிட்டு இருக்கேன். ஆனா நான் வாயத் திறந்தா அவரு மூடிக்குவாரு, பழையபடி ஷூ கட்ட குனிஞ்சிடுவாரு. இத்தனை வருஷத்துல அவரு மனசுல என்ன இருக்குன்னு நான் கேட்டதே இல்ல. இப்பதான் கேக்குறேன். உங்களுக்கு என்ன, சொல்லாமயே கேக்கும். எனக்குச் சொன்னாத்தான் கேக்குது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கங்க."

மெக்கானிக் வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். சாக்ஸ் காலோடு படி இறங்கி வேனுக்கு வந்தபோது அவன் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"கண்ணாடி எங்கண்ணே?" என்றான் கூட்டாளி.

"எடுக்கல."

"அதுக்குத்தானே போனீங்க? ஷூ ஏன் கைல இருக்கு? அண்ணே, அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா?"

"வந்துருச்சுடா" என்றான் மெக்கானிக். "அவளுக்கு வந்துருச்சு."

அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒயர் நிறத்தையெல்லாம் கூட்டாளிதான் படித்துச் சொன்னான். சந்தோஷமாகவே சொன்னான்.

வீட்டில் மெக்கானிக் மூச்சுவிடவில்லை. அவனும் மனிதன்தானே, கொஞ்சம் பழிவாங்க வேண்டாமா? "பாவம், பேச முடியாம எவ்வளவு கஷ்டப்படுற" என்று உச்சுக் கொட்டினான். அவளும் பாவமாகத் தலையாட்டினாள். டிவியில் ஒருவன் காரைத் தப்பான கியரில் கிளப்பினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தவிப்பதை ஓரக்கண்ணால் பார்த்து ரசித்தான்.

மறுநாள் காலை அவள் தாழ்ப்பாளில் கையை வைத்து நின்றாள். அவன் ஷூவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"நேத்து கண்ணாடியை மறந்துட்டுப் போனேன். நன்றி" என்று ஆரம்பித்தான். "அதை எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். எடுக்காமலே திரும்பிப் போனேன். அதுக்கும் நன்றி."

அவள் புரியாமல் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிட்டது. தாழ்ப்பாளில் இருந்த கை வழுக்கியது. முகத்தில் அசடு வழிந்தது.

மெக்கானிக் நகர்ந்து வழிவிட்டு, கையை முன்பக்கமாக வீசினான். நீ போய்க்கோ. நான் ஓரமாக நிற்கிறேன்.

"எவ்வளவு கேட்டீங்க?" என்றாள் அவள். அந்தக் கரகரத்த குரலில் அவனிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

"'ஒரு வாரம் பொறுத்துக்கங்க'ன்னு சொன்ன வரைக்கும்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பாதிச் சிரிப்பில் அவனுக்கு என்ன ஆயிற்றோ, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். சட்டைப் பையில் இத்தனை நாள் வைத்திருந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தான். "டாக்டர் அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. சிலருக்குக் குரல் வராதுன்னு."

அவள் சிரிப்பு நின்றது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்னால பேசவும் முடியாது, அழவும் முடியாது. பயப்படுறதுக்கு வீட்ல ஒரு ஆள் போதும்னு நினைச்சேன்."

அவள் தாழ்ப்பாளை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ. தெரிஞ்சிருந்தா அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேங்க. சத்தியமா மாட்டேன்."

"பரவால்ல. சொன்னது நல்லதாப் போச்சு. இல்லன்னா நேத்து அதெல்லாம் எனக்குக் கேட்டிருக்காது."

வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அது ஆனால் ஆகட்டும். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பழைய மாதிரி சத்தம் வராதாம். இனிமே கத்தக் கூடாதாம். இவ்வளவுதான் வரும்னாரு. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க பிரேக்குன்னு சொல்றது? யாருக்குக் கேக்கும்?" என்றாள்.

"உனக்குத்தான் கால்கிட்ட ஒரு பிரேக் இருக்கே. இனிமேலாவது அதை மிதி."

"நிஜமா சொல்லுங்க. கேக்குதா?"

"எனக்குக் கேக்குது" என்றான் அவன்.

அவள் தாழ்ப்பாளில் மறுபடி கையை வைத்தாள். அவன் கயிறு கட்டக் குனியவில்லை. தன் எண்ணெய்க் கறை போகாத கையையும் அவள் கைமேல் வைத்து, நன்றி சொல்ல அவள் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தான்.